கனரகச் சரக்கு லாரிகளில் கைமுறைக் கியர்பெட்டியும் தானியங்கிக் கியர்பெட்டியும்: தேர்வுக்கான அடிப்படைகள்

ஆய்வுச் சுருக்கம்

கனரகச் சரக்கு லாரிகளுக்குக் கைமுறைக் கியர்பெட்டி ஏற்றதா, தானியங்கிக் கியர்பெட்டி ஏற்றதா என்னும் வினா பெரும்பாலும் விலை, எரிபொருள் சிக்கனம் ஆகிய இரண்டை மட்டுமே கொண்டு விவாதிக்கப்படுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை வேறு மூன்று நிலைகளில் வைத்து நோக்குகிறது. அவை, நின்ற நிலையிலிருந்து சுமையை நகர்த்துதல், மேட்டில் ஏறுகையில் கியர் மாற்றுதல், இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துதல் என்பன. இம்மூன்று நிலைகளிலும் கிளட்ச், பிரேக் ஆகியவற்றின் மீது விழும் பளுவை எளிய இயற்பியல் கணக்குகளால் விளக்கி, எவ்வகைப் பணிக்கு எவ்வகைக் கியர்பெட்டி பொருந்தும் என்பதை இது எடுத்துரைக்கிறது. தமிழகச் சரக்குப் போக்குவரத்தின் சூழலும், ஓட்டுநரின் உழைப்பும் ஊதிய முறையும் இத்தேர்வோடு கொண்டுள்ள தொடர்பும் ஆராயப்படுகின்றன.

முக்கியச் சொற்கள்: கியர்பெட்டி, கிளட்ச், முறுக்குவிசை, ஏ.எம்.டி., ரிட்டார்டர், தொப்பூர் கணவாய், லாரி ஓட்டுநர்.

முன்னுரை

தமிழகத்தின் பொருளாதார வாழ்வில் லாரித் தொழிலுக்குத் தனி இடமுண்டு. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, கரூர் ஆகிய ஊர்கள் லாரி உரிமை, கூண்டு கட்டுதல், டேங்கர் போக்குவரத்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் எனப் பல கிளைகளாக இத்தொழிலை வளர்த்துள்ளன. எண்ணூரிலும் ஓசூரிலும் அசோக் லேலண்ட் ஆலைகளும், ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகளை உருவாக்கும் ஆலையும் இயங்குகின்றன. எனினும், இத்தொழிலின் பொறிநுட்பக் கூறுகள் குறித்துத் தமிழில் எழுதப்பெற்றவை மிகச் சிலவே. பட்டறையிலும் லாரிப் பேட்டையிலும் வாய்மொழியாக வழங்கும் அறிவு பெரிது. அது கட்டுரை வடிவம் பெறுவது அரிது.

கியர்பெட்டித் தேர்வு அத்தகைய பொருள்களுள் ஒன்று. ஐரோப்பாவில் நெடுந்தொலைவு லாரிகளில் பெரும்பாலானவை தானியங்கிக் கியர்மாற்ற முறைக்கு மாறிவிட்டன. இந்தியாவில் கைமுறையே இன்றும் ஓங்கி நிற்கிறது. ஆனால் இழுவை வண்டிகளிலும் டிப்பர்களிலும் தானியங்கி முறை படிப்படியாக இடம்பெற்று வருகிறது. 2018 சூலைத் திங்களில் மத்திய அரசு அச்சுக்குரிய சுமை வரம்பை உயர்த்தியது. அதன்படி இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையின் உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னாயிற்று. எடை கூடும்போது கியர்பெட்டி பற்றிய முடிவின் விளைவும் கூடுகிறது. தவறான தேர்வு எரிந்த கிளட்ச் பிளேட்டாக மட்டும் முடிவதில்லை. மலை இறக்கத்தில் அது உயிரிழப்பாகவும் முடியலாம். ஆகவே இப்பொருள் விளக்கம் பெறவேண்டியதாகிறது.

1. கியர்பெட்டியின் தேவையும் வரலாறும்

டீசல் எஞ்சின் குறிப்பிட்ட சுழற்சி வேக எல்லைக்குள் மட்டுமே போதிய முறுக்குவிசையைத் தரவல்லது. கனரக லாரியின் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1000 முதல் 2000 சுற்றுகள் வரையிலான எல்லையிலேயே பெரிதும் இயங்குகிறது. சக்கரமோ சுழியத்திலிருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வரை பல வேகங்களில் சுழலவேண்டியுள்ளது. இவ்விரண்டையும் பொருத்துவதே கியர்பெட்டியின் பணி. குறைந்த கியரில் வேகம் குறைந்து முறுக்குவிசை பெருகும்; உயர்ந்த கியரில் முறுக்குவிசை குறைந்து வேகம் பெருகும். எஞ்சினின் திறன் எந்தக் கியராலும் பெருகுவதில்லை என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

தொடக்ககால வண்டிகளில் பற்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தும் முறை இருந்தது. சுழற்சி வேகங்கள் ஒத்துவராவிடில் பற்கள் உரசி ஓசையெழும். இதனைத் தவிர்க்க ஓட்டுநர் கிளட்சை இருமுறை மிதித்து, இடையில் எஞ்சின் வேகத்தைச் சரிசெய்து கியர் போடுவார். இதுவே நம் ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ என வழங்கும் முறை. 1928இல் காடிலாக் நிறுவனம் கார்களில் அறிமுகப்படுத்திய சின்க்ரோமெஷ் அமைப்பு, பற்கள் பொருந்துமுன் வேகங்களை உராய்வு வளையத்தால் ஒன்றாக்கியது. பின்னர் இது லாரிகளுக்கும் பரவியது.

தானியங்கி முறையின் வேர் கப்பல் பொறியியலில் உள்ளது. செர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், கப்பல் டர்பைனின் சுழற்சியை எண்ணெய் அல்லது நீர் வழியாக உந்துவிசிறிக்குக் கடத்தும் கருவிக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய டார்க் கன்வர்ட்டருக்கு அதுவே முன்னோடி. 1939இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹைட்ராமாட்டிக்’ என்னும் முழுத் தானியங்கிக் கியர்பெட்டியைக் கார்களுக்கெனப் பேரளவில் உருவாக்கியது. லாரித் துறையில் 1985இல் மெர்சிடிஸ்-பென்ஸ் கொண்டுவந்த மின்–காற்றழுத்தக் கியர்மாற்ற முறையும், 2001இல் வோல்வோ கொண்டுவந்த ‘ஐ-ஷிஃப்ட்’ முறையும் குறிப்பிடத்தக்க திருப்பங்கள் ஆகும்.

2. மூவகைக் கியர்பெட்டிகள்

கைமுறை, தானியங்கி என இரண்டாகப் பிரித்துப் பேசுவது பொதுவழக்கு. ஆயினும் கனரக லாரிகளைப் பொறுத்தவரை மூன்று வகைகளைத் தெளிவாக வேறுபடுத்த வேண்டும். இவ்வேறுபாடு மங்குவதே பல விவாதங்களில் குழப்பத்திற்குக் காரணமாகிறது.

முதலாவது கைமுறைக் கியர்பெட்டி. கிளட்ச் மிதிப்பதும் கியர் மாற்றுவதும் ஓட்டுநரின் கால், கை ஆகியவற்றின் பணிகள்.

இரண்டாவது ‘ஏ.எம்.டி.’ எனச் சுருக்கமாக வழங்கப்படும் தானியங்குமுறைக் கியர்பெட்டி. இதன் உள்ளே இருப்பவை கைமுறைக் கியர்பெட்டியில் உள்ள பற்சக்கரங்கள் போன்றவையே. கிளட்ச் பிளேட்டும் உண்டு. ஆனால் கிளட்சை விடுவிப்பதையும் கியரை மாற்றுவதையும் மின்னணுக் கட்டுப்பாட்டின்கீழ் இயங்கும் காற்றழுத்த உருளைகள் செய்கின்றன. கிளட்ச் மிதி இல்லை. எனவே இது இயக்கத்தில் தானியங்கி; உள்ளமைப்பில் கைமுறை.

மூன்றாவது டார்க் கன்வர்ட்டர் கொண்ட முழுத் தானியங்கிக் கியர்பெட்டி. இதில் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே கிளட்ச் பிளேட்டுக்கு மாற்றாக எண்ணெய் சுழலும் அறை உள்ளது. நின்ற நிலையில் எஞ்சினின் முறுக்குவிசையை இது ஏறத்தாழ இருமடங்காகப் பெருக்கித் தரவல்லது. கோள்முறைப் பற்சக்கரத் தொகுதிகள் வழியாகக் கியர் மாறுவதால், மாற்றத்தின்போது சக்கரத்திற்குச் செல்லும் விசை அறுபடுவதில்லை. அல்லிசன் நிறுவனத்தின் கியர்பெட்டிகள் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. தீயணைப்பு வண்டி, குப்பை வண்டி, சுரங்க டம்பர் போன்று அடிக்கடி நின்று புறப்படும் வண்டிகளில் இவை பெரிதும் இடம்பெறுகின்றன.

3. நின்ற நிலையிலிருந்து புறப்படுதல்

கியர்பெட்டியின் தகுதி வேகத்தில் வெளிப்படுவதில்லை; புறப்படும்போதுதான் வெளிப்படுகிறது. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 55 டன் மொத்த எடையும், 1000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், அரை மீட்டர் ஆரமுள்ள சக்கரமும் கொண்ட வண்டியொன்றைக் கொள்வோம். முதல் கியரின் விகிதம் 9, பின்னச்சின் விகிதம் 5 என்க. மொத்த விகிதம் 45 ஆகிறது. கடத்தலில் பத்தில் ஒரு பங்கு இழப்பு போக, சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 81 கிலோநியூட்டன்.

சமதரையில் இவ்வண்டி எதிர்கொள்ளும் உருளுராய்வு சற்றேறக்குறைய 4.3 கிலோநியூட்டன் மட்டுமே. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் மேட்டிலோ எதிர்விசை 58 கிலோநியூட்டனாக உயர்கிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 1000 சுற்று சுழலும்போது முதல் கியரில் வண்டியின் வேகம் மணிக்கு 4.2 கிலோமீட்டர். அந்த வேகத்தை எட்டும்வரை கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்போது உராய்வால் பிறக்கும் வெப்பம் சமதரையில் ஏறத்தாழ 39 கிலோஜூல். அம்மேட்டில் ஏறத்தாழ 130 கிலோஜூல். ஒரே வண்டி, ஒரே சுமை, ஒரே கியர் எனினும் மேட்டில் கிளட்சின் மீது விழும் வெப்பம் மும்மடங்கிற்கும் மேலாகிறது.

இவ்வண்டியைச் சமதரையில் முதல் கியரை விடுத்து, அதன் பாதி விகிதமுள்ள உயர் கியரில் புறப்படச் செய்தால் கிளட்சில் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 165 கிலோஜூலாகிறது. அதாவது நான்கு மடங்குக்கும் மேல். அவசரத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் வண்டியை எடுக்கும் பழக்கம் கிளட்ச் பிளேட்டின் ஆயுளை ஏன் குறைக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். ஏ.எம்.டி. முறையில் கட்டுப்பாட்டுக் கருவி சுமையையும் சரிவையும் மதிப்பிட்டுப் புறப்படும் கியரைத் தானே தேர்கிறது. அனுபவம் குன்றிய ஓட்டுநரின் கையிலும் கிளட்ச் ஓரளவு காக்கப்படுவது இதனால்தான். ஆயினும் தேர்ந்த ஓட்டுநர் கைமுறையில் இதனைவிட நன்றாகவே செய்யவல்லவர் என்பதும் உண்மை. ஆகவே தானியங்கு முறையின் பயன், தலைசிறந்த ஓட்டுநரை விஞ்சுவதில் இல்லை. பல ஓட்டுநர்களுக்கிடையேயான வேறுபாட்டைக் குறைப்பதில் இருக்கிறது.

4. பேரெடை இழுவை: ‘புல்லர்’ வண்டிகள்

திருச்சிராப்பள்ளி பெல் ஆலையின் கொதிகலன் பகுதிகள், மின்மாற்றிகள், காற்றாலைக் கோபுரப் பகுதிகள் போன்ற பேரெடைப் பொருள்களை இழுத்துச் செல்லும் வண்டிகளைத் தொழில்வழக்கில் ‘புல்லர்’ என்பர். இங்குக் கணக்கு வேறாகிறது. மேற்கண்ட அதே வண்டி 200 டன் மொத்த எடையை இழுப்பதாகக் கொள்வோம். நூற்றுக்கு மூன்று என்னும் மெல்லிய மேட்டிலேயே எதிர்விசை ஏறத்தாழ 75 கிலோநியூட்டன் ஆகிவிடுகிறது. கிடைக்கும் 81 கிலோநியூட்டனில் எஞ்சுவது 6 கிலோநியூட்டன் அளவே. அவ்வெச்சத்தைக் கொண்டு மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 36 நொடிகள் பிடிக்கும். அத்தனை நேரமும் வழுக்கும் கிளட்சில் 1700 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். எந்தக் கிளட்ச் பிளேட்டும் இதனை மீண்டும் மீண்டும் தாங்காது. நூற்றுக்கு நான்கு என்னும் மேட்டில் வண்டி புறப்படவே இயலாது.

இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, விகிதத்தைப் பெருக்குதல். மேற்கண்ட கணக்கில் மொத்த விகிதத்தை 45இலிருந்து 90 ஆக்கினால், அதே மேட்டில் கிளட்சில் பிறக்கும் வெப்பம் 1700 கிலோஜூலிலிருந்து 63 கிலோஜூலாகச் சரிகிறது. வழுக்கும் நேரம் ஒன்றரை நொடிக்கும் குறைவாகிறது. 2016இல் வோல்வோ தன் ஐ-ஷிஃப்ட் கியர்பெட்டியில் ஊர்கியர்களைச் சேர்த்தது இக்கொள்கையின் அடிப்படையிலேயே. 325 டன் வரையிலான மொத்த எடையை நின்ற நிலையிலிருந்து நகர்த்தவும், மணிக்கு அரை கிலோமீட்டர் வேகத்தில் ஊரவும் அது வகைசெய்வதாக நிறுவனம் அறிவித்தது.

மற்றொன்று, உராய்வுக் கிளட்சின் பளுவை எண்ணெய்க்கு மாற்றுதல். இசட்.எஃப். நிறுவனம் டார்க் கன்வர்ட்டரையும் உராய்வுக் கிளட்சையும் இணைத்து ஓர் அமைப்பை உருவாக்கியது. மெர்சிடிஸ்-பென்ஸின் எஸ்.எல்.டி. வகைப் பேரெடை இழுவை வண்டிகளில் வோய்த் நிறுவனத்தின் டர்போ ரிட்டார்டர் கிளட்ச் இடம்பெற்றது. அவ்வண்டிகள் 250 டன் வரையிலான மொத்த எடைக்கு உரியவை. அக்கருவி புறப்படும்போது எண்ணெய் வழியாக விசையைக் கடத்துகிறது; இறக்கத்தில் அதே எண்ணெயைக் கொண்டு வேகத்தைத் தடுக்கிறது. பிளேட் தேய்வதற்கு மாறாக எண்ணெய் சூடேறுகிறது. அவ்வெப்பத்தை எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பு வெளியேற்றுகிறது.

இவ்விரு தீர்வுகளிலும் கியர்மாற்றம் தானியங்கு முறையிலேயே நிகழ்கிறது. பேரெடை இழுவையே கைமுறையின் கடைசி அரண் எனக் கருதப்பட்ட காலம் உண்டு. இன்று அத்துறையிலும் தானியங்கு முறை முன்னேறியுள்ளமைக்குக் காரணம் ஓட்டுநரின் வசதி மட்டுமன்று. ஊர்கியரும் எண்ணெய்வழிக் கடத்தலும் அதனோடு இணைந்து வந்தமையே ஆகும். எனினும் இழுவிசை எவ்வளவு பெருகினும் டயர் தரையைப் பற்றாவிடில் பயனில்லை. ஆகவேதான் புல்லர் வண்டிகளின் பின்னச்சின் மீது நிறைகல் ஏற்றப்படுகிறது.

5. மேட்டில் கியர் மாற்றுதல்

கைமுறையிலும் ஏ.எம்.டி.யிலும் கியர் மாறும் கணத்தில் சக்கரத்திற்கு விசை செல்வதில்லை. சமதரையில் இது பொருட்டன்று. நூற்றுக்கு ஆறு என்னும் மேட்டில், விசையற்ற ஒவ்வொரு நொடிக்கும் வண்டி மணிக்கு ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் வேகத்தை இழக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டி, இரண்டு நொடி எடுக்கும் ஒரு கியர் மாற்றத்தில் தன் வேகத்தில் கால்பங்கை இழந்துவிடும். கியர் விழுந்தபோது அந்தக் கியருக்குரிய வேகமும் போயிருக்கும். மீண்டும் இன்னொரு கியர் குறைக்கவேண்டும். நடுமேட்டில் லாரிகள் அடுத்தடுத்துக் கியர் குறைத்து இறுதியில் நின்றுவிடுவது இதனால்தான்.

இதற்கு அனுபவமுள்ள ஓட்டுநர் கண்ட வழி, மேட்டைக் கண்டவுடனே முன்கூட்டி ஒன்றிரண்டு கியர்களைத் தாண்டிக் குறைத்துக்கொள்வது. தொடக்ககால ஏ.எம்.டி. அமைப்புகளுக்குக் கண் இல்லை. எஞ்சின் திணறிய பின்னரே அவை கியரைக் குறைத்தன. ஓட்டுநர்கள் அவற்றை நம்பாமைக்கு இது நியாயமான காரணம். பின்வந்த அமைப்புகள் சரிவை உணரும் கருவியையும், சிலவிடத்துச் செயற்கைக்கோள்வழிச் சாலை வரைபடத்தையும் கொண்டு மேட்டை முன்னறிகின்றன. எடையும் சரிவும் மிகும் இடங்களில், விசை அறுபடாத டார்க் கன்வர்ட்டர் வகையே இயல்பில் மேம்பட்டது. அதன் விலையும், சமதரையில் நெடுந்தொலைவு ஓடும்போது அதன் பயன் குறைந்துவிடுவதும் அதனைப் பொதுச் சரக்குப் போக்குவரத்திற்கு ஏலாததாக்குகின்றன.

6. இறக்கம்: தொப்பூர் கணவாய் தரும் பாடம்

தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தொப்பூர் கணவாய், லாரி விபத்துகளால் தமிழகமெங்கும் அறியப்பட்ட இடம். சேலம் நோக்கி இறங்கும் சரக்கு லாரிகள் கட்டுப்பாடிழந்து முன்செல்லும் வண்டிகள் மீது மோதுவதே அங்கு மீண்டும் மீண்டும் நிகழ்வது. டீசலை மிச்சப்படுத்தக் கியரை விடுவித்து ‘நியூட்ரலில்’ இறங்குவது இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொடர்ந்து சுட்டப்பட்டு வருகிறது.

இறக்கத்தின் கணக்கும் நோக்கத்தக்கது. ஐந்து கிலோமீட்டர் நீளமும் நூற்றுக்கு ஐந்து சரிவும் உள்ள ஓர் இறக்கத்தை 55 டன் வண்டி கடப்பதாகக் கொள்வோம். 250 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் அவ்வண்டி 135 மெகாஜூல் ஆற்றலை எங்கேனும் கொட்டியாகவேண்டும். உருளுராய்வு ஏறத்தாழ 22 மெகாஜூலை ஏற்கும். எஞ்சிய ஏறத்தாழ 113 மெகாஜூலும் பிரேக்குக்கே வருமாயின், தலா 50 கிலோ எடையுள்ள 12 பிரேக் டிரம்களின் வெப்பநிலை, காற்றால் ஆறுவதைக் கணக்கிடாதவிடத்து, சுமார் 400 டிகிரி உயரும். அந்நிலையில் பிரேக் லைனிங்கின் பற்றுந்தன்மை குன்றிவிடும். ஓட்டுநர் மிதித்துக்கொண்டே இருப்பார், வண்டி நிற்காது. கியரில் இறங்கும் வண்டியிலோ எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இவ்வாற்றலில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கின்றன. ‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்னும் ஓட்டுநர் வாய்மொழிக்கு அடிப்படை இதுவே.

நியூட்ரலின் பெருங்கேடு அதிலிருந்து மீளமுடியாமையில் உள்ளது. வண்டி வேகம் பிடித்த பிறகு குறைந்த கியரைப் போட முயன்றால், அக்கியருக்கு எஞ்சின் தன் உச்ச வரம்பைவிட இருமடங்கு வேகத்தில் சுழலவேண்டியிருக்கும். சின்க்ரோமெஷ் வளையத்தால் அவ்வேறுபாட்டை ஈடுசெய்ய இயலாது. கியர் விழாது. பிரேக்கும் சூடேறிவிட்டால் ஓட்டுநரின் கையில் ஒன்றும் எஞ்சாது.

டீசல் மிச்சம் என்னும் கருத்தும் மறுபரிசீலனைக்குரியது. பழைய எந்திரமுறைப் பம்பு கொண்ட வண்டிகளில் அந்நம்பிக்கை வேரூன்றியிருக்கலாம். மின்னணு எரிபொருள் செலுத்தம் கொண்ட இன்றைய எஞ்சின்களில், கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் டீசலை மிச்சப்படுத்துவதில்லை, செலவழிக்கிறது. மெல்லிய சரிவில் மட்டும் நியூட்ரலால் சிறிது பயனுண்டு. ஏனெனில் எஞ்சினின் தடையின்றி வண்டி நெடுந்தொலைவு உருளும். ஏ.எம்.டி. அமைப்புகள் சிலவற்றில் இதே உத்தி நிரலாகச் சேர்க்கப்பட்டுள்ளது. வேறுபாடு ஒன்றே: வேகம் வரம்பைத் தாண்டினால் அல்லது பிரேக் மிதிக்கப்பட்டால் கருவி உடனே கியருக்குத் திரும்பிவிடுகிறது.

இதனால் ஏ.எம்.டி. வண்டி இறக்கத்தில் தானே பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. அதிலும் ஓட்டுநர் நியூட்ரலுக்கு மாற்றமுடியும். உயர்ந்த கியரில் வேகமாக இறக்கத்துள் நுழைந்தால், எஞ்சினைக் காக்கும்பொருட்டுக் கருவி தாழ்ந்த கியருக்கு மாற மறுக்கும். உண்மையான பாதுகாப்பு, கியர்பெட்டியோடு ரிட்டார்டரும் எஞ்சின் பிரேக்கும் ஒருங்கிணைந்து, இறக்கத்திற்கான வேகத்தை ஓட்டுநர் முன்கூட்டியே வரையறுக்கும் அமைப்பிலேயே உள்ளது. ஆகவே லாரி வாங்குவோர் கேட்கவேண்டிய வினா ‘தானியங்கியா’ என்பது மட்டுமன்று. ‘இறக்கத்தில் வேகத்தைத் தடுக்கும் துணை பிரேக்கின் திறன் என்ன’ என்பதும் ஆகும்.

7. ஓட்டுநரின் உழைப்பும் ஊதியமும்

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. நெடுந்தொலைவு லாரி ஓட்டுநரின் நடைமுறை வாழ்வு இவ்வரம்பிற்கு வெளியே நிற்பதைத் தொழிலை அறிந்தோர் அறிவர். நெரிசல் மிக்க துறைமுகச் சாலையில் கைமுறைக் கிளட்சை நாள் முழுதும் மிதிக்கும் இடதுகாலின் உழைப்பு எந்தச் செலவுக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஏ.எம்.டி.யின் கூடுதல் விலை உரிமையாளரின் கணக்கில் தெரிகிறது; அதன் பயன் ஓட்டுநரின் முழங்காலிலும் கவனத்திலும் மறைந்திருக்கிறது. இரண்டு பேர் இரண்டு கணக்குகளை வைத்திருப்பதால் தேர்வு பெரும்பாலும் விலையின் பக்கமே சாய்கிறது.

நியூட்ரல் பழக்கத்தையும் இக்கோணத்தில் நோக்கவேண்டும். ஒரு டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என அளந்து கொடுத்து, மிஞ்சுவதை ஓட்டுநர் எடுத்துக்கொள்ளலாம் என்னும் ஏற்பாடு நிலவும் இடங்களில், ஓட்டுநர் டீசலை மிச்சம்பிடிக்க முயல்வது அவரது அறியாமையன்று. அவருக்கு விதிக்கப்பட்ட ஊதிய முறையின் விளைவு. எனவே கியர்பெட்டியை மாற்றுவதாலோ எச்சரிக்கைப் பலகை வைப்பதாலோ மட்டும் இப்பழக்கம் நீங்கிவிடாது. கியரில் இறங்குவதே டீசலையும் காக்கும் என்னும் உண்மையை ஓட்டுநருக்கு விளக்குவதும், டீசல் மிச்சத்தை ஊதியத்தின் பகுதியாக்கும் ஏற்பாட்டைத் திருத்துவதும் உடன்நிகழவேண்டும்.

திறன் பற்றிய அச்சமும் இங்கு எழுகிறது. அமெரிக்காவில் தானியங்கி வண்டியில் தேர்வு எழுதித் தேறிய வணிக ஓட்டுநரின் உரிமத்தில், கைமுறை வண்டியை ஓட்டலாகாது என்னும் கட்டுப்பாடு குறிக்கப்படுகிறது. கைமுறைத் திறன் தலைமுறை தலைமுறையாகக் கிளீனராயிருந்து கற்றுக் கைமாறி வந்த ஒன்று. அதன் மையம் கை, கால்களின் பயிற்சியன்று. மேட்டையும் சுமையையும் முன்கூட்டி அளக்கும் கணிப்பே அதன் மையம். கிளட்ச் மிதி மறைந்தாலும் அக்கணிப்பு தேவைப்படும் என்பதை முற்பகுதியில் கண்டோம்.

8. பராமரிப்பும் பணிக்கேற்ற தேர்வும்

கைமுறைக் கியர்பெட்டியின் பெருவலிமை அதனைப் பழுதுபார்க்கும் அறிவு எங்கும் பரவியிருப்பதே. கிளட்ச் பிளேட் மாற்றுவதற்கு நெடுஞ்சாலையோரப் பட்டறை போதும். ஏ.எம்.டி.யில் காற்றழுத்தக் கசிவோ உணரியின் கோளாறோ ஏற்பட்டால் வண்டி கியரை ஏற்காது நின்றுவிடலாம். பழுதறியக் கணினிக் கருவி வேண்டும். ஒன்றிரண்டு லாரி மட்டும் வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஒரு வண்டி நான்கு நாள் நிற்பது மாதத் தவணையையே பாதிக்கும். ஆகவே அவர் கைமுறையை நாடுவதைப் பழமைப்பற்று என ஒதுக்குவது பொருந்தாது. சேவை நிலையம் எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதும் தேர்வின் ஓர் அளவுகோலே.

இதுகாறும் கண்டவற்றைப் பணிவாரியாகப் பின்வருமாறு தொகுக்கலாம்.

(அ) துறைமுகத்திற்கும் தொழில் நகரங்களுக்கும் இடையே ஓடும் கண்டெய்னர் வண்டிகள்: நெரிசலும் நீண்ட சமதரையும் கலந்த பணி. பல ஓட்டுநர் மாறி மாறி ஓட்டும் நிறுவனங்களுக்கு ஏ.எம்.டி. ஏற்றது.

(ஆ) கணவாய்ச் சாலைகளில் நிறைசுமையுடன் ஓடும் வண்டிகள்: ரிட்டார்டருடன் இணைந்த ஏ.எம்.டி. சிறந்தது. ரிட்டார்டர் இல்லாத ஏ.எம்.டி.யைவிட, நல்ல எக்ஸாஸ்ட் பிரேக்கும் தேர்ந்த ஓட்டுநரும் உள்ள கைமுறை வண்டி குறைந்ததன்று.

(இ) குவாரி, சுரங்க டிப்பர்கள்: குறுகிய தொலைவும் அடிக்கடி நின்று புறப்படுதலும் செங்குத்து மேடும் உள்ள பணி. வண்டிகளின் எண்ணிக்கை பெரிதாயிருந்து, பணியிடத்திலேயே பராமரிப்பு வசதி உள்ளவிடத்து டார்க் கன்வர்ட்டர் வகை அல்லது வலுவான ஏ.எம்.டி. பொருந்தும்.

(ஈ) புல்லர் வண்டிகள்: ஊர்கியரோ எண்ணெய்வழிப் புறப்பாட்டு அமைப்போ இன்றியமையாதது. அவை இல்லாத ஏ.எம்.டி. இப்பணிக்கு ஏற்றதன்று.

(உ) ஒன்றிரண்டு லாரிகளை உரிமையாளரே ஓட்டும் நிலை: சேவை நிலையம் அருகில் இல்லாதவரை கைமுறை நடைமுறைக்கு உகந்தது.

முடிவுரை

கைமுறை, தானியங்கி என்னும் இருமுனைப் பகுப்பு கனரக லாரிகளுக்குப் போதுமானதன்று. ஏ.எம்.டி., டார்க் கன்வர்ட்டர் வகை ஆகியன தம்முள் வேறுபட்டவை. அவற்றின் நிறைகுறைகளும் வேறுபட்டவை. புறப்படும்போது கிளட்சில் பிறக்கும் வெப்பம், மேட்டில் விசை அறுபடும் நேரம், இறக்கத்தில் பிரேக் ஏற்கும் ஆற்றல் ஆகிய மூன்றையும் அளந்தே தேர்வு அமையவேண்டும். இவற்றுள் மூன்றாவதே உயிரோடு நேரடித் தொடர்புடையது. விலைப்பட்டியலில் அது பெரும்பாலும் கடைசி வரியில் இடம்பெறுகிறது.

கணிப்பு, பொறுமை, இறக்கத்தின் மீதான மதிப்பு ஆகியவற்றை ஓட்டுநரிடமிருந்து எந்தக் கியர்பெட்டியும் முழுமையாக ஏற்றுக்கொள்வதில்லை. அவற்றைக் கடைப்பிடிக்க ஏற்ற வேலை நேரமும் ஊதிய முறையும் அவருக்கு வாய்க்கவேண்டும். அந்நிலையிலேயே நல்ல கியர்பெட்டி தன் முழுப்பயனைத் தரும். லாரிப் பட்டறைகளிலும் பேட்டைகளிலும் வழங்கும் தொழிலறிவையும் கலைச்சொற்களையும் தொகுத்து, இத்தகைய கணக்குகளோடு இணைத்துத் தமிழில் ஓட்டுநர் பயிற்சி நூல்களை உருவாக்குவது, அறிவியல் தமிழ்த் துறையினர் மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.